பவுலியும் உடைந்த கருவிகளும்: ஓர் ஆய்வு

இயற்பியலில் வொல்ஃப்காங் பவுலியின் பெயரில் இரண்டு விதிகள் உண்டு. ஓர் அணுவில் எந்த இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்பது முதலாவது. 1925இல் சொன்னார், 1945இல் அதற்கு நோபல் பரிசு வாங்கினார். பவுலியும் ஒழுங்காக வேலை செய்கிற கருவியும் ஒரே அறையில் இருக்க முடியாது என்பது இரண்டாவது. 'பவுலி விளைவு' என்று சக விஞ்ஞானிகள் இதற்குப் பெயரே சூட்டிவிட்டார்கள். அவர் எதையும் தொட வேண்டியதில்லை. வந்தாலே போதும், கண்ணாடி உடையும், வெற்றிடக் குழாய் கசியும், மின்சுற்று கருகும். முதல் விதியை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டாவதைப் பேராசிரியர்கள் தேநீர் நேரத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்தப் பாரபட்சத்துக்கு நியாயம் ஏதும் இல்லை, அந்தக் காலத்து உயர்ந்த இயற்பியல் எந்த வழியில் பிறந்ததோ அதே வழியில்தான் இரண்டாம் விதியும் பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சான்றுகள். 1920களில் ஹாம்பர்க்கில் பவுலிக்கு நெருங்கிய நண்பர் ஓட்டோ ஷ்டெர்ன். வெள்ளி அணுக்களின் கற்றை காந்தப் புலத்தில் இரண்டாகப் பிரிவதை 1922இல் கெர்லாக்குடன் சேர்ந்து காட்டியவர். எதையும் எளிதில் நம்பிவிடுகிற ஆள் அல்ல. பவுலியோடு சேர்ந்து சாப்பிடுவார், பேசுவார், தம் ஆய்வகத்துக்குள் மட்டும் விடமாட்டார். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் மூடிய கதவுக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. அடுத்தது கோட்டிங்கன் நிகழ்ச்சி. ஜார்ஜ் காமோவ் எழுதிவைத்தது. ஜேம்ஸ் ஃபிராங்கின் ஆய்வகத்தில் நுட்பமான கருவி ஒன்று காரணமே தெரியாமல் நொறுங்கியது. பவுலியோ அப்போது சூரிச்வாசி. இந்த முறை உங்கள் மேல் பழி இல்லை என்று ஃபிராங்க் வேடிக்கையாக எழுதப்போக, கோபன்ஹேகன் போகும் வழியில் அந்த நேரத்தில் என் ரயில் கோட்டிங்கன் நிலையத்தில்தான் நின்றிருந்தது என்று பதில் வந்தது. ஆக, இவ்விளைவுக்குச் சுவரும் தடையில்லை, ரயில் பெட்டியும் தடையில்லை. தூரம் கூடக்கூட அது எந்த வீதத்தில் குறைகிறது என்பதை ஒரே ஒரு ரயில் நிறுத்தத்தை வைத்துச் சொல்வது அவசரப்படுவதாகும். பவுலி அப்போது விழித்திருந்தாரா, பெட்டி எஞ்சினிலிருந்து எத்தனையாவது என்பன போன்ற அடிப்படைத் தகவல்கள் பதிவாகாமல் போனது வருத்தத்துக்குரியது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதிர்ஷ்டத்துக்காக வாசலில் மாட்டியதாகச் சொல்லப்படும் குதிரை லாடத்தை இங்கே சேர்க்கவில்லை. அது போரின் வாசலே அல்ல, அவர் வேறு யாரையோ பற்றிச் சொன்ன கதை என்றும் ஒரு வடிவம் உண்டு. சான்று தள்ளாடுகிற சங்கதிக்குத் தீவிர ஆய்வில் இடமில்லை.

இதையெல்லாம் பவுலியே சிரித்துத் தள்ளியிருப்பார் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவர் இதை முழுமனதோடு நம்பினார் என்று அவருடைய உதவியாளராக இருந்த மார்குஸ் ஃபியர்ஸ் சொல்லியிருக்கிறார். விபரீதம் நடக்கும் முன்பு உள்ளுக்குள் ஒரு இறுக்கம் தெரியுமாம். நடந்து முடிந்ததும் மனம் லேசாகிவிடுமாம். 1948இல் சூரிச்சில் கார்ல் யுங் பெயரிலான நிறுவனத்தின் தொடக்க விழாவுக்குப் பவுலி போனபோது சீனப் பூச்சாடி ஒன்று தானாகக் கவிழ்ந்தது. 1950 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் சைக்ளோட்ரான் தீப்பிடித்தபோது அவர் அங்கேதான் இருந்தார். இதுவும் நம் கணக்கில்தானோ என்று யோசித்தார். கண்ணால் காணாத அணுவையே ஏற்க மறுத்த எர்ன்ஸ்ட் மாக் இவருக்கு ஞானத்தந்தை என்பதையும், 1952இல் இவர் யுங்கோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் யுங்கின் பகுதி காரணத் தொடர்பில்லாத ஒத்திசைவுகளைப் பற்றியது என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஞானஸ்நானம் எப்போதும் பலிப்பதில்லை.

இனி மறுப்புகள். இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, பவுலி வந்து ஒன்றும் உடையாத நாட்களை யாரும் எண்ணவில்லை என்பது முதல் மறுப்பு. அக்காலக் கருவிகள் ஊதிச் செய்த கண்ணாடியாலும் பாதரசப் பம்புகளாலும் ஆனவை, யார் வந்தாலும் வராவிட்டாலும் உடையக்கூடியவை என்பது அதன் துணை மறுப்பு. இரண்டும் உண்மையே. ஆனால் துணை மறுப்பு நம் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கருவி தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும்போது அதனோடு வாழ்கிறவர் அதை ஓர் ஆளாகத்தான் நடத்துவார். சக ஆய்வாளர் ஒருவர் தம் கருவிக்குத் தினமும் பூக்கள் கொண்டுவந்து வைப்பாராம். என் வழி அதைவிடச் சற்று மேலானது, பிராங்க்ஃபர்ட்டில் கருவிக்குப் பக்கத்தில் ஒரு மரச் சுத்தியலை வைத்து அதை மிரட்டிவந்தேன் என்று ஷ்டெர்ன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மேலும், மூடநம்பிக்கை போலத் தோன்றுவதெல்லாம் மூடநம்பிக்கை என்று எப்படி முடிவு கட்டுவது? 1922 சோதனையில் கண்ணாடித் தகட்டில் படிந்த வெள்ளி கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஷ்டெர்ன் குனிந்து பார்க்கப் பார்க்க அது கறுத்துத் தெரியத் தொடங்கியது. சாம்பிராணிப் புகையில் குறி தெரிந்ததுபோல இருக்கிறதல்லவா? காரணம், அவர் பிடித்த மலிவான சுருட்டில் இருந்த கந்தகம் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றியதுதான். சம்பளம் உயர்ந்து நல்ல சுருட்டு வாங்கியிருந்தால் குவாண்டம் இயற்பியலுக்கு நஷ்டம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. ரூடால்ஃப் பயர்ல்ஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி: விருந்து ஒன்றில் பவுலி நுழையும் நொடியில் சரவிளக்கு விழுவதுபோலக் கயிறு கட்டி இளைஞர்கள் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தார்கள். அவர் வந்தார், கயிறு சிக்கிக்கொண்டது, விளக்கு விழவில்லை. இதுவே அசல் பவுலி விளைவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விழுந்தாலும் நிரூபணம், விழாவிட்டாலும் நிரூபணம் என்றால் அது எப்படி அறிவியலாகும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே கேள்வியை பவுலியின் இன்னொரு படைப்பிடமும் கேட்டிருக்க வேண்டும். பீட்டா சிதைவில் வெளிவரும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் கணக்கில் உதைத்தது. ஆற்றல் அழியாவிதியையே கைவிடப் போர் தயாரானார். பவுலி 1930 டிசம்பர் 4 அன்று, டியூபிங்கனில் கூடவிருந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்: மின்னேற்றம் இல்லாத, எவர் கண்ணிலும் படாத ஒரு துகள் மிச்ச ஆற்றலைக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சூரிச்சில் நடன விருந்து இருந்ததால் அவர் நேரில் போகவில்லை. டியூபிங்கன் கருவிகள் பிழைத்தன. கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைக் கற்பித்துவிட்டோமே என்று அவருக்கே கூச்சம் இருந்தது. கணக்கில் துண்டு விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எடுத்துப்போய்விட்டார் என்று எழுதிச் சரிக்கட்டுவதுதான் இந்த முறை. சோதனைக்கூடத்தார் தங்கள் உடைசல் கணக்கை பவுலியின் பெயரில் எழுதியபோது செய்ததும் இதுவே. இரண்டில் ஒன்றுக்கு நியூட்ரினோ என்று பெயர் கிடைத்தது.

நியூட்ரினோவை 1956இல் ரைன்ஸும் கவனும் அணு உலை அருகே பிடித்துவிட்டார்களே, பவுலி விளைவை யார் பிடித்தார்கள் என்பது கடைசி மறுப்பு. இதற்குப் பொறுப்பு விதியல்ல, ஷ்டெர்ன். பத்து நாள் பவுலியை உள்ளே உட்காரவைத்து, பத்து நாள் வெளியே நிறுத்தி, உடைந்ததை எண்ணியிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். அவர் கதவைச் சாத்தினார். இத்தனைக்கும், விடை எல்லோருக்கும் தெரியும் என்று கோட்பாட்டாளர்கள் ஒதுக்கித்தள்ளிய புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை 1933இல் அளந்து, அது எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியவர் அவர். புரோட்டான் விஷயத்தில் யார் சொல்லையும் நம்பாதவர் நண்பர் விஷயத்தில் அளவுகோலைத் தொடவில்லை. பவுலி 1958 டிசம்பர் 15 அன்று சூரிச் மருத்துவமனையின் 137ஆம் எண் அறையில் இறந்தார். இயற்பியலாளர்களைப் படாதபாடு படுத்திய நுண்ணமைப்பு மாறிலியின் தலைகீழும் ஏறக்குறைய அந்த எண்தான் என்பதை அவரே கவனித்துக் கலங்கினார். அத்துடன் சோதனைக்கான வாய்ப்பும் முடிந்தது என்பார்கள்.

முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை. 2008 செப்டம்பர் 10 அன்று செர்ன் ஆய்வு மையத்தின் பிரம்மாண்டமான ஹாட்ரான் மோதுவியில் முதல் கற்றை சுற்றிவந்தது. ஒன்பதே நாளில் காந்தங்களுக்கிடையே ஒரு மின் இணைப்பு கெட்டு, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறி, ஓராண்டுக்கும் மேல் எல்லாம் நின்றுபோனது. பவுலி இறந்து ஐம்பது ஆண்டுகளாகியும் கருவிகள் உடைகின்றன, ஆகவே விதி பொய் என்று இதைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அவர்கள் ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும்: பவுலியின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அவருடைய மனைவி வழங்க, பத்திரமாகப் பாதுகாக்கப்படுவது செர்னில்தான்.