கையெழுத்து மாமா

சொந்தபந்தம் பெருத்த எந்தக் குடும்பத்திலும் ஒரு கையெழுத்து மாமா இருப்பார். பெரும்பாலும் அரசு உத்தியோகம். அதிலும் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்றால் விசேஷம். சட்டைப் பையில் இரண்டு பேனா. பச்சை மை, தெருப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் சான்றொப்பம் போட. நீல மை, அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வாங்கும் கடனுக்கு ஜாமீன் போட. பச்சையால் அவருக்கு இதுவரை ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அக்கா மகன் வந்து, "அத்தைக்கு முட்டிவலி தேவலையா?" என்று அக்கறையாக விசாரித்தால் விஷயம் கடன்தான். குட்டி யானை வாங்கப் போகிறான். யானை என்றால் கோயில் யானை இல்லை. காய்கறி மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டி.

"ஒரே ஒரு கையெழுத்து மாமா. சும்மா பேருக்கு."

ஒரே ஒன்று என்பது இருபத்திரண்டு ஆகும். கடன் கொடுக்கும் கம்பெனிப் பையன் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களை விரலால் தொட்டுக்கொண்டே வருவான். "இங்க சார்... இங்க... போட்டோ மேல பாதி படுற மாதிரி சார்..." பாதிக்கு மேல் மாமாவுக்கே அது தன் பெயர்தானா என்று சந்தேகம் வந்துவிடும். அடுக்களையிலிருந்து அத்தை காப்பி டம்ளரை 'ணங்'கென்று கொண்டுவந்து வைப்பார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"எல்லாம் பொடி எழுத்து. அவன் என் அக்கா பிள்ளைடீ!"

அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் நிற்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாதவரை, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாருக்கும் உண்டு. மாமாவின் மனத்தில் இருப்பதோ வேறு சட்டம்: முதலில் அவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும், சிக்காவிட்டால்தான் இவரிடம் வரலாம். ஏறக்குறைய இந்த வாதம் பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. வங்கி நேராக ஜாமீன்தாரிடமே கேட்கலாம் என்று 1968-இலேயே தீர்ப்பாகிவிட்டது. மாமாவுக்கு இன்னும் தகவல் வரவில்லை.

ஏழெட்டு டியூ ஒழுங்காகப் போகும். அப்புறம் வண்டி ஷெட்டுக்குப் போகும், மருமகன் போன் 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகும். தவணை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். மாமாவின் பான் எண்ணும் அந்தக் கணக்கில் இருப்பதால், செய்தி அவருடைய சிபில் என்கிற கடன் வரலாற்று ஏட்டுக்கும் போய்விடும். வசூல்காரர்கள் வகுப்பு நடக்கும்போதுதான் கூப்பிடுவார்கள்.

உண்மையான அடி வேறிடத்தில் விழும். மகளின் கல்விக்கடனுக்கு இணைக் கடன்தாரராக உட்கார்ந்திருப்பார் மாமா. வாழ்நாளில் தனக்கென்று கடனே வாங்காதவர் என்கிற பெருமிதம் முகத்தில். வங்கி அதிகாரி திரையைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார்.

"சார், லோடு வண்டி ஓட்டுறீங்களா?"

"சைக்கிள்தான் சார்."

சிபில் மதிப்பெண் 300-க்கும் 900-க்கும் நடுவில் ஓடுவது. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் நாற்காலி இழுத்துப் போடும். மாமாவுக்கு 640. ஆயிரம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவருக்கு முதல் தடவையாகத் தன் மார்க் தெரியும்.

"பாதியக் கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்" என்று கம்பெனி அழைக்கும்போது, கத்தரிக்காயில் பேரம் படிந்த சந்தோஷம் அவருக்கு. இங்கேதான் நம் ஆள் இரண்டாவது தடவையாக ஏமாறப் பார்ப்பார். அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்துக் கடன் கொடுப்பவர் அதைப் பாதி நாமம் என்றே படிப்பார். முழுசாகக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று பதியவைக்க வேண்டும். அப்படியும் பழைய தாமதங்கள் 36 மாதக் கட்டங்களில் தெரிந்துகொண்டிருக்கும். கட்டி முடித்த பிறகும் தவறாகவே காட்டினால் புகார் செய்யலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதையெல்லாம் பள்ளிக்கூட கிளார்க் சொல்லித்தான் மாமாவுக்குத் தெரியும். பி.எஃப்பில் கைவைத்து முழுதும் கட்டிவிடுவார்.

கட்டிய பணத்தை மருமகனிடம் திருப்பிக் கேட்க அதே சட்டத்தின் 145-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையை நிலைநாட்டத்தான் மாமா ஒரு கல்யாணப் பந்தியில் அவனை வழிமறிப்பார். கை ஈரம் காயாமல் அவன் சாஷ்டாங்கமாகக் காலில் விழுவான். "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா!" நாலு பேர் பார்க்கிறார்கள். மாமா பண்ணிவிடுவார். சட்டைப் பையிலிருந்து 101 ரூபாயும் போகும்.

கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். அத்தையின் கட்டாயத்தில் மாமா அதைத் தரவிறக்கிப் பார்த்தார். குட்டி யானைக்கு நேரே 'குளோஸ்டு' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் ஒரு டிராக்டர் நின்றது. அது யாருக்குப் போட்ட கையெழுத்து என்று மாமா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.