கூண்டுவண்டியும் கல்லுக்கிரைண்டரும்

மருமகனே, நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்ட்ட "மூணரை டன் இழுக்கும்"னு சொல்லி பானட்டைத் தட்டிக் காட்டுன பாரு, சன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க ஐயா மயிலைக்காளையோட திமிலைத் தட்டுவாரு, அதே தட்டு. ரத்தம் எங்க போகும்? என்ன, எங்க ஐயா தட்டுறதுக்கு முன்னால மாட்டுக்குப் பல்லைப் புடிச்சிப் பாத்திருப்பாரு. நீ வண்டியோட வந்த புத்தகத்துக்கு மேல சுத்துன பிளாஸ்டிக்கு உறையக்கூட இன்னும் பிரிக்கல.

நான் பிரிச்சிட்டேன். கோவிச்சிக்கிடாத. மூணு மாச விசாவுல வந்து சிட்னியில மதியம் பூரா உக்காந்திருக்கிறவன் வேற என்னத்தைச் செய்வான்? எனக்கு இங்கிலீஷ் வராது, எண்ணு வரும். பேத்தியக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, பென்சிலால எழுதிக்கிட்டேன்.

உன் இசுசு எம்.யூ.-எக்ஸ் பின்னால இழுக்குறது 3,500 கிலோ. சரிதான், நீ பொய் சொல்லல. ஆளு, சாமான், டீசல் எல்லாம் சேத்து கார் தன் முதுகுல தாங்குற உச்சம் 2,800. ரெண்டையும் கூட்டுனா 6,300 வரணும்ல? ஆனா காரும், பின்னால மாட்டுற கேரவன் கூண்டும் சேந்து 5,900-ஐத் தாண்டக் கூடாதுன்னு அதே புத்தகத்துல வேற ஒரு பக்கத்துல போட்டிருக்கு. நடுவுல 400 கிலோவைக் காணோம்! "வயிறாரச் சாப்பிடுங்க"ன்னு கும்பிட்டுட்டு, சாம்பார் வாளிய அடுத்த பந்திக்குத் தூக்கிட்டுப் போற சம்பந்தி மாதிரில்ல இருக்கு. இந்த ஒரு கார்தான்னு இல்ல, இந்த ஊர்ல மூணரை டன்னு விக்கிற நடுத்தரக் காருகள்ல பலதும் இந்தப் பந்திதான்.

மேல கேளு. மூணரை டன்னை முழுசா மாட்டுனா காருக்கு மிஞ்சுறது 2,400. கார் சும்மா நிக்கையிலயே 2,100-க்கு மேல. மிச்சம் முன்னூறு கிலோகூடத் தேறாது. அதுக்குள்ள நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைக ரெண்டு, நான், நீ ஆசைப்பட்டு முன்னால மாட்டுன கங்காருக் கம்பி, அந்த ஐஸ்பெட்டி. நல்ல வேளை, உன் கூண்டு மூணரை டன் இல்ல, அதோட தகட்டுல 2,600-னு அடிச்சிருக்கு. உனக்குக் கடன் கொடுத்த பேங்குக்காரன் புண்ணியவான், அதுக்கு மேல கொடுக்கல.

ஆனா அந்தத் தகட்டுலயும் ஒரு நையாண்டி இருக்கு. காலிக்கூண்டு 2,150. அப்ப நீ ஏத்துறதுக்கு 450. தண்ணித்தொட்டி ரெண்டு, ஒவ்வொண்ணும் 95 லிட்டரு. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, இதுல கம்பெனி தள்ளுபடி கிடையாது. 190 போச்சு. கேஸ் சிலிண்டர் ரெண்டு. பின்னால மாட்டுன சைக்கிள் நாலு. அப்புறம் உன் வீட்டுக்காரி "எங்க போனாலும் பிள்ளைகளுக்கு இட்லி வேணும்"னு ஏத்துன கல்லுக் கிரைண்டரு. அதைத் தூக்கிக் கொண்டுபோயி எங்க வச்ச? கூண்டோட வால்ல, குளியலறைக்கு அடியில. அடேயப்பா.

இந்த எடத்துல கொஞ்சம் உக்காரு. டீ ஆறுனா ஆறட்டும்.

நாங்க பருத்தித் தாட்டு ஏத்திக்கிட்டு கோவில்பட்டிக்குப் போறப்ப, பாரம் ஏத்துறவன் சின்னப்பயலா இருந்தாலும் சரி, பெரியாளா இருந்தாலும் சரி, ரெண்டு வார்த்தை தெரிஞ்சிருக்கணும். முன்பாரம், பின்பாரம். முன்பாரம் மிஞ்சுனா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும், மாடு தலையத் தொங்கப் போட்டுரும். பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல எந்திரிக்கும், பூட்டாங்கயிறு தொண்டைய இறுக்கும், மாடு முழி பிதுங்கி நின்னுரும். அதனால ஏத்துனதும் ஏர்க்காலக் கையால தூக்கிப் பாப்போம். லேசா முன்பாரம் இருக்கணும். மேடு வந்தா "எல்லாரும் முன்னால தள்ளி வாங்க"ம்போம், பள்ளம் வந்தா "பின்னால போங்க"ம்போம். எங்களுக்கு எடைக்கல்லு நாங்களேதான்.

இந்த ஊர்ல அதையே டோபால் வெயிட்டுன்னு சொல்லி, புத்தகம் போட்டு, காசு வாங்கிக்கிட்டுச் சொல்லிக் கொடுக்கான். கூண்டோட மொத்த எடையில பத்துல ஒரு பங்கு, கார் பின்னால கூண்டை மாட்டுற இரும்புப் பந்து மேல உக்காரணும்ங்கிறதுதான் இங்க வழக்கு. உன் 2,600-க்கு 260. அந்த 260 யார் கணக்கு? கூண்டு கணக்குன்னு நீ நினைச்சிருப்ப. இல்ல, கார் முதுகு தாங்குற அந்த 2,800-க்குள்ளதான் வந்து விழும். மாமியார் வந்து தங்குற மாதிரி, வந்த பெறகுதான் வீடு சின்னதுன்னு தெரியும்.

நீ வால்ல கிரைண்டரும் சைக்கிளும் வச்சதுல பந்து மேல பாரம் கொறைஞ்சு போச்சு. பின்பாரம். காரு மாடு இல்லியே, முழி பிதுங்கிக் காட்ட. அது வேற விதமாக் காட்டுச்சு. போன மாசம் பாதர்ஸ்ட் போறப்ப, அந்தப் பெரிய லாரி நம்மளத் தாண்டுனப்ப, கூண்டு நனைஞ்ச நாய் உதறுன மாதிரி உதறுச்சா இல்லியா? நீ என்ன செஞ்ச? பிரேக்கைப் போட்டு மிதிச்ச, ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புன. முன்னால போறவனை நிறுத்தி, பின்னால வாறவனை விட்டா, பின்னால வாறவன் முன்னால வந்துருவான். நாம பொழைச்சது உன் சாமர்த்தியம் இல்ல, உங்க அம்மா நேந்துக்கிட்ட சாமி.

இனிமே அப்பிடி ஆட்டம் கண்டா, காலை ஆக்சிலேட்டர்லருந்து எடு. ஸ்டீரிங்கை நேராப் புடி, ஆட்டத்துக்கு எதிர் ஆட்டம் ஆடாத. கார் பிரேக்கைத் தொடாத. டேஷ்போர்டுல ஒரு சின்னக் குமிழு மாட்டியிருக்கே, அதை அமுக்கு. அது கூண்டோட பிரேக்கை மட்டும் புடிக்கிற குமிழு. பின்னாலருந்து வாலைப் புடிச்சி இழுத்த மாதிரி கூண்டு நேரா வந்துரும். நீ அதைப் பாட்டுச் சத்தம் கூட்டுற குமிழுன்னு நினைச்சு ஒரு மாசமா திருகிக்கிட்டு இருந்தன்னு பேத்தி சொன்னா. நான் வெளிய யார்ட்டயும் சொல்லல. ஊருக்கு போன் பேசுறப்ப மட்டும் சொன்னேன்.

வேகத்துக்கு வாறேன். நியூ சவுத் வேல்ஸ்ல, சேந்து இழுக்குற தகுதி நாலரை டன்னைத் தாண்டுன சோடிக்கு 100-தான் உச்சம். போர்டுல 110-னு இருந்தாலும் அது உனக்கு இல்ல. 90-ல போ. யாரும் உன்னைப் பொண்ணு பாக்க வரல.

இழுவையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மூணு லிட்டரு டீசல் எஞ்சினு, 1,600 சுத்துலயே முழு முறுக்கும் வந்துருது, உழவுக்கு விட்டாக்கூட உழும். கியரை மட்டும் உச்சத்துல விட்டுட்டு மேட்டுல திணறடிக்காத, ஒண்ணு கீழ போடு, எண்ணெய் கொதிக்காது. இழுக்குறது எஞ்சின் பாடு. நிறுத்துறதுதான் உன் பாடு.

அதே பாதர்ஸ்ட் பயணத்துல, விக்டோரியா கணவாயில இறங்குனப்ப ஒரு கருகல் வாசம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? "மாமா, காருக்குள்ள சுருட்டுக் குடிக்காதீங்க"ன்னு எம்மேல பாஞ்ச. என் சுருட்டு பெட்டியில இருந்துச்சு மருமகனே. கருகுனது உன் பிரேக்கு. மேலருந்து கீழ வரைக்கும் காலை எடுக்காம மிதிச்சிக்கிட்டே வந்தா இரும்பு என்ன செய்யும்? இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கியரைக் கொறைச்சிரு, எஞ்சினே புடிச்சி இறக்கும். வேகம் கூடுனா ஒரு மிதி நல்லா மிதி, கொறைஞ்சதும் விட்டுரு, ஆறட்டும்.

அந்த மலைக்கு முதல்முதலா பாதை போட்டது வில்லியம் காக்ஸ்னு ஒருத்தர், 1814-ல ஆரம்பிச்சு 1815 சனவரியில முடிச்சிருக்காரு. கைதிகளை வச்சு வெட்டுன பாதை. அந்தப் பாதையில மவுன்ட் யார்க் இறக்கம் அவ்வளவு செங்குத்தாம். அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரங்க ஒரு மரத்தை வெட்டி வண்டிக்குப் பின்னால கட்டி, தரையில இழுபட விட்டுத்தான் இறங்குனாங்களாம். பேத்தி படிச்சிச் சொன்னதும் அந்த ஆளுக மேல எனக்கு ஒரு பாசம் வந்துருச்சு. பாஷை வேற, பயம் ஒண்ணு. உனக்கு அந்த மரத்தைக் குமிழாவும் கம்பியாவும் செஞ்சு கையில கொடுத்துட்டான், அதான் பயம் விட்டுப்போச்சு.

இங்க சட்டமும் நிறுத்துறதைப் பத்தித்தான் அதிகம் பேசுது. கூண்டு சக்கரத்துல விழுற பாரம் 750 கிலோவைத் தாண்டுனா அதுக்குத் தனி பிரேக்கு. 2,000-ஐத் தாண்டுனா எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக்கு, அதோட கொக்கி கழண்டு கூண்டு தனியாப் போனா தானாப் புடிச்சி கால்மணி நேரமாவது அப்பிடியே நிக்கணும். அதுக்குன்னு கூண்டுல இருக்கிற பேட்டரி உயிரோட இருக்கான்னு காருக்குள்ளயே தெரியணும்னு இந்த மாகாணத்துல கூடுதலா ஒரு சட்டம். உன் பேட்டரிய அமுக்கிப் பாத்தேன், செத்துப்போச்சு. சங்கிலி, 2,500-க்கு மேல ரெண்டு வேணும். ரெண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கா மாட்டு. கொக்கி விட்டாலும் ஏர்க்கால் தரையில குத்தாம தொட்டில் கட்டித் தாங்கும். நீ ஒண்ண மாட்டிட்டு இன்னொண்ண "எக்ஸ்ட்ரா"ன்னு டிக்கியில போட்டு வச்சிருக்க. கடையாணியக் கழட்டிப் பத்திரமாப் பொட்டியில வைக்கிறவனை இப்பத்தான் பாக்கேன்.

டயர்க் காத்தை வெயில் ஏறுமுன்னப் பாரு. பக்கக் கண்ணாடி கூண்டைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும்.

ரிவர்ஸு. இதைப் பேசாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. போன தடவை தங்குன எடத்துல நாலு குடும்பம் நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்க, உன் வீட்டுக்காரி வலதுன்னு கையக் காட்ட, நீ எந்த வலதுன்னு கேக்க, முக்காமணி நேரம். அங்க நடந்த பேச்சுல பாதிய நான் காதுல வாங்கல. நம்ம ஊர்ல பதினேழு வயசுப் பய டிராக்டர் டிரைலரை சந்துக்குள்ள ஒரே ஏத்துல ஏத்துவான். சூட்சுமம் இவ்வளவுதான்: ஸ்டீரிங்கை மேல புடிக்காத, அடியில புடி. கூண்டோட பின்புறம் எந்தப் பக்கம் போகணுமோ, கை அந்தப் பக்கம் போகட்டும். மெதுவாப் போ. மடங்குனா முன்னால வந்து நேர் பண்ணிக்க, அதுல கௌரவம் ஒண்ணும் கொறையாது.

ஈஸ்டர் லீவுக்கு மறுபடி கெளம்புறோம். கெளம்புமுன்ன ஒரு நாள் எடைமேடைக்குப் போவம். தண்ணி நெப்பி, கிரைண்டரை அச்சுக்கு மேல தரையோட தரையா எறக்கி வச்சு, சைக்கிளை வால்லருந்து கழட்டிட்டு, டீசல் நெப்பி, எல்லாரும் ஏறி உக்காந்துக்கிட்டு. காரோட மாட்டுனபடி கூண்டுச் சக்கரத்தை மட்டும் எடை போடு. அப்புறம் கழட்டி, கூண்டை முழுசா எடை போடு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்து மேல உக்காந்திருக்கிற பாரம். சிட்டைய வாங்கி எங்கிட்டக் கொடு, பென்சில் சீவி வச்சிருக்கேன். என்னைக் கணக்குல விட்டுராத. வேட்டி, சுருட்டுப் பெட்டி சகிதம் 68 கிலோ.