லாக் கோப்பின் கழிவியல்: ஆம்பூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை, தோலும் ஷூவும் ஏற்றுமதியாகும் பாலாற்றுக் கரையில் சர்வர்கள் ஏன் அடிக்கடி படுத்துவிடுகின்றன? வைரஸ் என்பர் ஒரு சாரார். வோல்டேஜ் என்பர் வேறொரு சாரார். கண் திருஷ்டி என்று சர்வர் ரூம் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியோரும் உளர். எல்லோரையும் இக்கட்டுரை மறுக்கிறது. டிஸ்க் நிறைவதாலேயே சர்வர் படுக்கிறது. நிறைப்பது, ஒருவரும் திறந்து படிக்காத லாக் கோப்பு. (பிரியாணியை இவ்வாய்வு தொடவில்லை. ஆம்பூரைப் பற்றிய எழுத்தில் இது அரிது என்க.)

யூனிக்ஸ் 1969இல் பெல் லேப்ஸில் பிறந்தது, லினக்ஸ் 1991இல் வந்தது. ஆயினும் சர்வர் காப்போருக்கு மூலநூல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே என்பது ஆய்வாளர் துணிபு. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. வருமுன் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கில்லை என நிரூபிப்பது தொழில் நடத்துபவர் பொறுப்பு என்றும் சொன்னது. லினக்ஸ் என்ற சொல் தீர்ப்பில் எங்கும் இல்லை. அதனால் என்ன, உரையாசிரியர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

மாசுபடுத்தியவரைப் பிடிப்பது எளிது. எந்தப் பார்ட்டிஷன் நிறைந்தது என்பதை ‘டிஎஃப் -எச்’ காட்டும். எந்த டைரக்டரி தின்றது என்பதை ‘டியூ’ காட்டும். டிஎஃப் இடமிருக்கிறது என்று சொல்லியும் எழுத முடியவில்லையா? ‘டிஎஃப் -ஐ’ போட்டால், லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் ஐநோடுகளைத் தீர்த்திருப்பது தெரியும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். ஒரு ஷூ கம்பெனியின் கணினி (இ.டி.பி.) அறை. வாசலில் கன்டெய்னர் நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை.

“இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?”

“பெரிய லாக்க அழிச்சிட்டேன் சார். டிஎஃப் இன்னும் நூறுன்னே காட்டுது.”

“அழிச்சது எங்கப்பா போச்சு?”

மேனேஜர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஆர்எம்’ பெயரை மட்டுமே நீக்கும். கோப்பைத் திறந்து பிடித்திருக்கும் புரோகிராம் விடும்வரை இடம் திரும்பாது. வாசல் போர்டைக் கழற்றிய பிறகும் ஆலையின் பின்பக்கக் குழாய் ஓடிக்கொண்டிருப்பதை ஒத்தது இது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று கேட்டால், பெயரிழந்த கோப்பை எவன் பிடித்திருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். மொத்த சர்வரையும் ரீபூட் செய்யும் மரபினரும் உண்டு. இடம் கிடைக்கும், குற்றவாளி தப்பிவிடுவான். முதலிலேயே அழிக்காமல் ‘ட்ரன்கேட் -எஸ் 0’ போட்டிருந்தால் கன்டெய்னர் எப்போதோ ராணிப்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

வருமுன் தடுப்பதற்கு லாக்ரொடேட் இருக்கிறது. தினமும் சுழற்றி, அமுக்கி, பழையதைத் தானே தள்ளிவிடும். சாப்ட்வேர் கொடுத்தவரைக் கேட்டால் “எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார்” என்பார். லாக்கை ஊதவைக்கும் டீபக் மோடை அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று நிரூபிப்பது, தீர்ப்பின்படி, அவர் பாடு.

பெரிய டிஸ்க் வாங்கினால் தீராதா எனின், தீராது. அதுவும் நிறையும், சற்றுத் தாமதமாக.

எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கும். மற்றவர்க்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட் உள்ளே நின்று வேலை பார்க்கலாம். ‘ட்யூன்2எஃப்எஸ்’ கொண்டு சிஸ்டம் டிஸ்க்கின் அந்த ஐந்தையும் சுழியாக்கி இடம் சம்பாதிக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 10,000 ரூபாய் போதாது என்பது இந்த ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து.