மூணு நாள்ல மலைநாடு

மலைநாட்டைப் பத்தி எழுத சென்னையில இருந்து வந்திருக்கீங்களா தம்பி? சந்தோசம். இஸ்தோப்புல குந்துங்க. எத்தனை நாள் லீவு? மூணு நாளா? தாராளமாப் போதும். ராபர்ட் நொக்ஸ்னு ஒரு இங்கிலீஸ்காரன் 1660ல கண்டி ராசா கையில மாட்டிக்கிட்டு, 1679லதான் தப்பிச்சான். அப்புறம்தான் எங்க நாட்டைப் பத்திப் புத்தகம் எழுதுனான். 19 வருசம் பிடிச்சிருக்கு, பாவம், மந்தபுத்தி போல. கேமராவும் இல்லையே அவன்கிட்ட.

மொதல்ல ஊர் எங்க இருக்குன்னு சரியா எழுதுங்க. தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியா கண்டி பஸ்ஸுலதான் வந்தீங்க. சாமான் வாங்க, நகை அடகு வைக்க, எங்களுக்கும் கண்டிதான். ஆனா எங்க ஊர் ஹேவாஹெட்ட, கச்சேரிக் கணக்குல நுவரெலியா மாவட்டம். மனசு ஒரு பக்கம், காயிதம் ஒரு பக்கம். அது எங்களுக்குப் பழகிப்போச்சு.

நாளைக்கு லூல்கந்துர தோட்டத்துக்குப் போவீங்க. போகாட்டி உங்க ஆசிரியர் சும்மா விடுவாரா? ஜேம்ஸ் டெயிலர் தொர 1867ல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஏழாம் நம்பர் மலை அங்கதான். அவர் குந்துன கல்லுல நீங்களும் குந்திப் படம் எடுங்க. தொரதான் நட்டார்னு சொல்லுவாங்க, நானும் நம்புறேன். ஒத்தை ஆளா 19 ஏக்கருக்கும் குழி வெட்டியிருக்கார், எப்பேர்ப்பட்ட ஒடம்பு! கொழுந்தை பங்களா வராந்தாவுல கையால உருட்டி, மண் அடுப்புல கரி போட்டு வாட்டுனாங்களாம். அது யாரு கைன்னு மட்டும் கேட்டுராதீங்க, கதை கெட்டுப்போயிடும்.

குத்தம் சொல்லல தம்பி. 1852ல வந்தவர், 1892ல சாகுற வரைக்கும் இதே மலையில கெடந்தார். ஒரு தடவை லீவு எடுத்தாராம், அதுக்கும் டார்ஜிலிங் போயித் தேயிலையைத்தான் பாத்திருக்கார். இப்ப கண்டி மஹியாவையில படுத்திருக்கார்.

இங்கயே முல்லோயான்னு ஒரு தோட்டம் இருக்கு. 1940 சனவரியில கூலி கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செஞ்சாங்க. பொலிஸ் சுட்டதுல கோவிந்தன்னு ஒரு தொழிலாளி செத்தார். விசாரணைக் கமிசன் வந்துச்சு. அந்த விவகாரம் முத்தி, கவர்னரோட மோதிக்கிட்டு கொழும்புல மந்திரிமாரே ராஜினாமா செஞ்சாங்க. ஆனா அங்க போகாதீங்க. குந்திப் படம் எடுக்கக் கல்லு கில்லு ஒண்ணும் இல்ல.

கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களைப் படம் புடிக்கணுமா? புடிங்க. ஆனா சிரிக்கச் சொல்லாதீங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், அவங்க சிரிச்சிக்கிட்டு நின்ன நேரத்துக்கு நீங்களா பேர் போடுவீங்க? வேணும்னா அந்தக் கூடையைக் கொஞ்சம் மாட்டிக்கிட்டு மலை ஏறிப் பாருங்க. அப்புறம் அவங்க உங்களைப் பாத்துத் தன்னால சிரிப்பாங்க.

நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவைப் பாத்து அழவும் வேணாம். பத்தடிக்குப் பன்னெண்டடிதான், அளந்து எழுதிக்குங்க. ஆனா அதுக்குள்ள இருந்துதான் எங்க புள்ளைங்க டீச்சராப் போயிருக்கு, கட்டாருக்கும் போயிருக்கு. அதையும் எழுதுங்க.

‘சொந்த ஊர் எது ஐயா?’ன்னு கேட்டீங்க. ஹேவாஹெட்டன்னு சொன்னேன், ‘இல்ல, பூர்வீகம்’னு மறுபடி கேக்கிறீங்க. இந்தக் கேள்வியை 1948லயே அரசாங்கம் கேட்டு, பதில் புடிக்காம பிரஜாவுரிமையைப் பறிச்சிருச்சு. 1964ல சிறிமா அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் எங்களைப் பங்கு போட்டாங்க. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பொறவு பாத்துக்கலாம்னு வச்சாங்க. என் கூட்டாளிமார் கொஞ்சப் பேர் கோத்தகிரிப் பக்கம் போனாங்க. அங்க அவங்க சிலோன்காரங்க. நான் இங்கயே இருந்தேன், 2012 குடிசன மதிப்புலகூட இந்தியத் தமிழன்தான். பூர்வீகத்தை நீங்களே தீர்மானிச்சு எழுதிக்குங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல.

காலுல சவுக்காரம் பூசிக்குங்க. அட்டை உங்களையும் என்னையும் ஒண்ணாத்தான் பாக்கும்.

கடைசியா ஒண்ணு. காலங்காத்தால பெரட்டுக் களத்துக்கு ஒரு தடவை வாங்க, யாருக்கு எந்த மலைன்னு கங்காணி பிரிக்கிறதைப் பாக்கணும். நாளைக்கு லூல்கந்துர, நாளன்னைக்குப் பயணம்னா இதுக்கு நாலாம் நாள் வேணும். ஆசிரியருக்குப் போன் போட்டு லீவு கூட்டிக் கேளுங்க தம்பி. கூட்டிக் கேட்டா உங்களை யாரும் சுட மாட்டாங்க.