கட்டடம் இல்லாத கட்டடத்துக்குப் பிளாட்டினம் கேட்டு

பெறுநர்: கட்டட, கட்டுமான ஆணையம், சிங்கப்பூர்
பொருள்: சைனாடவுன் கிரேத்தா ஆயர் சதுக்கத்துக்கு கிரீன் மார்க் பிளாட்டினம் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2005-ல் பசுமைக் கட்டடங்களுக்கான கிரீன் மார்க் சான்றிதழைத் தொடங்கியதிலிருந்து தகுதியுள்ள கட்டடம் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் திறந்த வருடமே பிளாட்டினம் வாங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இந்த விண்ணப்பம். சைனாடவுன் காம்பிளெக்சுக்கும் புத்தர் பல் ஆலயத்துக்கும் இடையில் எரிசக்தி சேமிக்கும் சமூகப் பொழுதுபோக்கு நிலையம் ஒன்று, கூடவே ஒரு நூலகம், பல காலமாக இயங்கிவருகிறது. இதுவரை யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

முதலில் நிலையம். தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள். வட்டக் காயைப் பலகையில் அடிக்கும் 'டக்' சத்தம் எதிர் வரிசைக் கடைவரை கேட்கும். ஆடுபவர் இரண்டு பேர், ஆட்டத்தை நடத்துபவர் எட்டுப் பேர். வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது மரபு; அதை யாரும் மதித்து நான் கண்டதில்லை. காற்றோட்டத்துக்குக் காற்றே பொறுப்பு. ஆளில்லாதபோது தானாக அணையும் சென்சார் விளக்கு கிடையாது. பகலில் எரிய விளக்கே வேண்டியதில்லை.

அடுத்தது நூலகம். ஒருவர் சாவ்பாவ் சீன நாளிதழை முடித்ததும் பக்கத்துக்காரர் கைக்குப் போகிறது. தேசிய நூலக வாரியம் 21 நாள் தவணை தருகிறது. இங்கே கோப்பி ஆறும்வரைதான். அருகே சைனாடவுன் பாயிண்டில் 2013-ல் தொண்டூழியர்களை நம்பித் திறந்த நூலகத்தோடு போட்டியா என்று கேட்காதீர்கள். அது கடைத்தொகுதிக்குள்ளே, ஏர்கானில். இங்கே சுவெட்டர் தேவையில்லை. (சிங்கப்பூரில் நூலகத்துக்குக் கிளம்பும் தமிழன் பையில் முதலில் வைப்பது புத்தகமல்ல, சுவெட்டர்.)

2005-ஆம் ஆண்டு விதிகளைவிட 60 விழுக்காடு எரிசக்தி மிச்சம் பிடித்தால் 'மிகக் குறைந்த எரிசக்தி' என்று தனிப் பட்டமே தருகிறீர்கள். எங்கள் மிச்சம் நூறைத் தொடப் பார்க்கிறது. தெருவிளக்கைக் கணக்கில் சேர்ப்பதா என்பது உங்கள் பொறியாளர்கள் பாடு.

வடிவமைத்தவர் யார் என்று படிவம் கேட்கிறது. இதில் கொஞ்சம் சிக்கல். ஏர்கான் இல்லாமல் குளிரும் வித்தை சுற்றியுள்ள கடைவீடுகளுக்கு முன்பே தெரியும். 1822-ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்குப் போட்ட உத்தரவில் கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்றார்; ஐந்தடிப் பாதை பிறந்தது. வெயிலும் மழையும் மேலே படாமல் தெரு முழுக்க நடக்கலாம். கடைவீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், அதன் வழியே வெப்பக் காற்று மேலேறிப் போகும். எங்கள் காரைக்குடிக்காரர் பார்த்தால் "இது நம்ம வளவு" என்பார். 1989-ல் சைனாடவுனை மரபுப் பாதுகாப்பில் வைத்தோம். முகப்பு பத்திரமாக இருக்கிறது. அதன் பிறகு பல முற்றங்களின் மேல் கண்ணாடி ஏறியது, கீழே ஏர்கான் வந்தது, உள்ளேயிருந்து துரத்தப்பட்ட வெப்பம் பின்சந்துக்குக் குடிபோயிற்று. அங்கே பாத்திரம் கழுவுபவர் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஏர்கானை நான் பகைக்கவில்லை. அமரர் லீ குவான் இயூ தூக்கிவைத்துப் பேசிய கருவியைப் பழிக்க நான் யார்? 25 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள் என்று அரசாங்கமே சொல்கிறது, மின்விசிறியும் மிதமான குளிருமாக 2019-ல் தேசியப் பல்கலைக்கழகம் ஒரு கட்டடமே கட்டிக் காட்டிவிட்டது. மின்விசிறி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி மட்டும் எல்லாக் கூட்ட அறைக்கும் இன்னும் எட்டவில்லை.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. மழை பெய்தால் ஆட்டம் கலையும்.

ஆய்வுக்குக் காலையில் வாருங்கள், கோட் வேண்டாம். பிளாட்டினப் பலகையை மாட்ட எங்களிடம் சுவர் இல்லை. ஆனால் மேசை ஒன்று ஒரு காலில் ஆடுகிறது. பலகை கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வேடிக்கை பார்க்கும் எட்டுப் பேரில் ஒருவன்