போடாத கமாவுக்கு வந்த காசு

ஏ பேராண்டி, இங்க வாலே. நீ மானேஜருக்கு இங்கிலீஷ்ல எழுதின லீவு லெட்டரை உங்க அப்பன் காட்டினான். காய்ச்சல் உனக்கு, வாசிச்சதும் நடுக்கம் எனக்கு வந்துட்டு.

'ஃபீவர்'க்குப் பெரிய எழுத்து. 'லீவு'க்குப் பெரிய எழுத்து. 'ஸ்டொமக்'குக்கும் பெரிய எழுத்து. 'நான்'னு சொல்லுத 'ஐ' மட்டும் சின்னதா ஓரத்துல ஒண்டி நிக்கி. வெள்ளைக்காரன் தன்னைப் பெருசா எழுதுவான், எதிர்ல நிக்கிற 'யூ'வைச் சின்னதா எழுதிருவான். அவன் பாஷை அப்படி. நீ ஏம்ல அடக்கஒடுக்கமா இருக்க? திங்கக்கிழமைக்குப் பெரிய எழுத்து, ஜனவரிக்குப் பெரிய எழுத்து, கோடைகாலத்துக்கு மட்டும் சின்ன எழுத்தாம். மே மாசம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு மத்தியானம் நின்னிருந்தா அப்படி எழுதியிருப்பானா?

நான் முப்பது வருசம் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில மனு அடிச்சவன். டைப்ரைட்டர்ல பெரிய எழுத்து வேணும்னா ஷிஃப்ட் கட்டையைச் சுண்டுவிரலால அமுக்கிப் பிடிக்கணும். சாயங்காலம் விரல் வீங்கிரும். அதனால கலெக்டருக்கும் ஊர்ப் பேருக்கும் போடுவேன். வயித்துவலிக்கெல்லாம் போட்டு விரலை ஒடிச்சுக்க மாட்டேன்.

பெறகு அந்த 'இட்ஸ்'. தலைக்கு மேல ஒரு கொசுவைப் பறக்கவிட்டிருக்க பாரு, அபாஸ்ட்ராஃபி. 'பசுவோட வாலு'ன்னா கொசு உண்டு. 'அதோட வாலு'ன்னா கிடையாது. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்' எதுக்காவது கொசு வைக்கியா? இந்த 'இட்ஸ்'ஸும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கொசு வச்சா அது 'இட் இஸ்' ஆயிரும். நடுவுல ஒரு எழுத்தைத் தின்ன கொசு அது. விரிச்சு வாசிச்சுப் பாரு: பசு 'இட் இஸ்' வாலை ஆட்டுச்சு. நல்லாவா இருக்கு?

இதுக்காகக் கூச்சப்படாத. இங்கிலாந்துலயே ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஒரு ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் இந்தக் கொசுவைக் காப்பாத்த 2001ல சங்கம் வச்சார். 2019ல, 96 வயசுல, சோம்பேறித்தனம் ஜெயிச்சுட்டுன்னு சொல்லிட்டுக் கடையைக் கட்டிட்டார்.

ஆனா கமாவை லேசா நெனைக்காத. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட்னு ஒரு பால் கம்பெனி. நானும் பால் ஊத்துதவன்லா, அதான் இந்தக் கதை மனசுல ஒட்டிக்கிட்டு. அங்க வண்டி ஓட்டுத டிரைவருங்க ஓவர்டைம் கேட்டாங்க. சில வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு. டப்பாவுல அடைக்கிறது, பதப்படுத்துறது, உறைய வைக்கிறது, காய வைக்கிறதுன்னு போய், கடைசியில 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. 'ஆர்'க்கு முன்னால கமா இல்ல.

கம்பெனி சொன்னது: பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலை, நீங்க செய்யுதது அதுதான், காசு கிடையாது. டிரைவருங்க கேட்டாங்க: கமா எங்கய்யா? ஷிப்மென்டுக்கோ டிஸ்ட்ரிபியூஷனுக்கோ பொட்டலம் கட்டுத ஒரே வேலைதான் அது. நாங்க என்னைக்குப் பொட்டலம் கட்டினோம்? வண்டிலா ஓட்டுதோம்!

கீழ்க்கோர்ட்டு கம்பெனி பக்கம் சாஞ்சுட்டு. 2017ல அப்பீல் கோர்ட்டு, இந்த வரிக்கு ரெண்டு அர்த்தம் வருது, அப்படின்னா தொழிலாளி பக்கந்தான்னு சொல்லிட்டு. மறுவருசம் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் பேசி முடிச்சாங்க. கூத்து என்னன்னா, அந்த மாநிலத்துல சட்டம் எழுதுதவங்களுக்குன்னு உள்ள கையேடே கடைசிக் கமாவைப் போடாதீங்கன்னு சொல்லியிருந்துது. பெறகு சூடு கண்ட பூனை மாதிரி சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு வேலைக்கு நடுவுலயும் செமிகோலன் நட்டு வேலி அடைச்சுட்டாங்க.

சரி, பேனாவை எடு. பால் சொசைட்டிக்கு ஒரு மனு எழுதணும். எனக்கு வரவேண்டியது போனஸ், தீவனப் பணம், மூணு மாசப் பாக்கி. நடுவுல கமாவை நல்லா அழுத்திப் போடு. நான் அங்க வாங்கின கடனைப் பத்தின வரி வந்தா மட்டும் என்னைக் கேட்டுட்டுப் போடு.