மன்னாரில் எதிரி, மயிலாப்பூரில் குடித்தனக்காரி

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 22 மெட்ராஸ் டே. இரண்டையும் ஒரே பந்தலில் முடித்துவிடலாம். சிறப்பு விருந்தினராக அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவையே கூப்பிடலாம். சென்னையில் மலேரியாவைப் பரப்புகிறவள் அவள்தான். சாக்கடை பக்கம் போகமாட்டாள். கிணறு, ஓவர்ஹெட் டேங்க் என்று நல்ல தண்ணீர் பார்த்துத்தான் முட்டையிடுவாள். அபிராமபுரத்துக்கு ஏற்ற ஆசாரம்!

தெற்காசியாவிலும் அரேபியப் பக்கமும் இருந்த இந்த இனம் 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் பிடிபட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது. சில மாதங்களில் மன்னார்த் தீவுக் கிணறுகளில் இவள். அங்கே பதறினார்கள். கிணறு கிணறாகப் புழு தேடினார்கள், மீன் விட்டார்கள். இவளைத் தடுக்க 2022-இல் ஆப்பிரிக்காவுக்கென்று தனித் திட்டமே அறிவிக்கப்பட்டது.

நாம் பதறுகிற ஜாதியா? நமக்குப் புகை போதும். சாயங்காலம் வண்டி தடதடவென்று வரும், தெரு மறையும், குழந்தைகள் இருமும், கவுன்சிலர் போட்டோவில் சிரிப்பார். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். டேங்க் மூடி உடைந்து வருஷக்கணக்காகிறது. அதன்மேல் ஊறிப்போன பிளைவுட், பறக்காமலிருக்க ஒரு செங்கல். இடுக்கில் டார்ச் அடித்தால், தண்ணீரோடு தண்ணீராகக் கிடையாகப் படுத்திருக்கின்றன புழுக்கள். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். கிடையாகப் படுத்தால் இவள் பரம்பரை. இதைப் பார்க்கத்தான் மாநகராட்சி ஒரு தற்காலிகப் பணியாளரை வெயிலில் அனுப்புகிறது. கேட்டிலேயே பதில்: "செக்ரட்டரி சார் ஊர்ல இல்லீங்க." கார் பார்க்கிங் சண்டைக்கு ராத்திரி பதினொரு மணிவரை கூடும் அசோசியேஷனுக்கு, மூடி வாங்க மட்டும் ஆள் சேராது.

தன் இடத்தில் கொசு வளரவிடுவது குற்றம் என்று 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட ஊர் இது. அபராத நோட்டீஸும் வருகிறது, குடிமகனுக்கு. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டு, தண்ணீரைத் தேங்கவைத்த அரசாங்கத்துக்கு யார் நோட்டீஸ் ஒட்டுவது? அங்கே வளர்வது வேறு கொசு என்பதுதான் அவர்களுக்கு ஆறுதல் போலிருக்கிறது.

கடலுக்கு அப்பால் ஒரு சின்ன நாடு கிணற்றுக்குக் கிணறு இறங்கிப் பார்த்தது. நமக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. வெட்கம் கெட்டவர்கள்.

செக்ரட்டரி சார், ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அந்த டேங்குக்கு ஒரு மூடி வாங்குங்கள். அதுவரை நைலான் வலையையாவது இழுத்துக் கட்டுங்கள். அந்தப் பணியாளரையும் மாடிக்கு விடுங்கள்.